கன உலோகம் செடியின் உடம்பில் என்ன செய்கிறது: வேர் முதல் இலை வரை நாமே வெட்டிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டாவுக்கு மலையேறும் சாலை இருக்கிறதே, அந்த ஏற்றம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எங்கள் ஊர். மலையைத் தாண்டினால் ஆந்திரா, இந்தப் பக்கம் இறங்கினால் பாலாற்றுப் படுகையும் தோல் தொழிற்சாலைகளும். போன தை மாதம் எங்கள் பெரியப்பா ஒரு கைப்பிடி முளைக்கீரையோடு வீட்டுக்கு வந்தார். இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. "ஏம்மா, நீ செடிகொடி படிச்சவதானே, பசங்களுக்கும் அதைத்தானே சொல்லித் தர்ற, இதுக்கு என்ன நோவுன்னு பாரு" என்றார். வாங்கிப் பார்த்தேன், தண்டோடு ஒடித்து எடுத்து வந்திருக்கிறார். வேர் எங்கே பெரியப்பா என்று கேட்டதற்கு, "நோவு இலையிலதானம்மா இருக்கு, வேர் எதுக்கு?" என்றார்.

அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது. குரோமியமோ காரீயமோ செம்போ மண்ணில் அளவுக்கு மீறி இருந்தால் முதல் அடி விழுவது வேருக்கு. இலை அதைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் வேருக்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். அதோடு இலை பொய்யும் சொல்லும். உப்புத் தண்ணீர், இரும்புச்சத்துக் குறைவு, வைரஸ், எல்லாமே மஞ்சளிப்பு, கருகல் என்று ஒரே முகத்தைக் காட்டும். அதனால் இந்த வழிகாட்டி வேரிலிருந்து மேலே போகிறது. பிளஸ் டூ மாணவர்கள், கல்லூரியில் புராஜெக்ட் செய்பவர்கள், நிலத்தைப் பற்றிக் கவலையோடு இருப்பவர்கள், யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

கன உலோகம் என்றால் வழக்கமாக ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 கிராமுக்கு மேல் அடர்த்தி உள்ளவை. இதில் இரண்டு ரகம் உண்டு. செம்பு, துத்தநாகம், நிக்கல் போன்றவை செடிக்குத் துளியளவு கட்டாயம் வேண்டும். சாதாரண இலையில் உலர் எடைக்கு ஒரு கிலோவில் 5 முதல் 20 மில்லிகிராம் வரை செம்பு இருக்கும், அது இல்லாவிட்டால் செடி தவிக்கும், அதைத் தாண்டினாலும் தவிக்கும். காட்மியம், காரீயம், பாதரசம் போன்றவை செடிக்கு எதற்குமே வேண்டாதவை. ஆர்சனிக் சரியாகச் சொன்னால் உலோகமே இல்லை, ஆனாலும் நடத்தையை வைத்து இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

வேண்டாதது எப்படி உள்ளே வருகிறது? செடி அதற்கென்று கதவு திறந்து வைக்கவில்லை, வேறு ஒன்றுக்கு வைத்த கதவு வழியாக நுழைகிறது. குரோமேட் சல்பேட்டின் பாதையில் போகும், ஆர்சனேட் பாஸ்பேட்டின் பாதையில் போகும், காட்மியம் இரும்பு, துத்தநாகம், கால்சியம் இவற்றின் பாதைகளில் புகுந்துவிடும். நெல்லில் ஆர்சனைட் சிலிக்கா போகும் வழியைப் பிடித்துக்கொள்கிறது. செடியின் கணக்கில் வந்தது சத்து, வந்திருப்பதோ வேறு.

எங்கள் பக்கத்துக் கதை குரோமியம். தோல் பதனிடக் கொட்டுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது மண்ணில் பெரும்பாலும் கரையாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதில் ஒரு பகுதியை ஆறு இணைதிறன் குரோமியமாக மாற்றக்கூடும், அந்த வடிவம் கரையும், கிணற்றுக்குப் போகும், விஷமும் அதிகம். ஆறு இணைதிறன் வேருக்குள் நுழைந்ததும் செடி அதைத் திரும்பவும் மூன்றாக மாற்றி, பெரும்பங்கை வேர்ச் செல்களின் சுவரிலும் செல்லுக்குள் சாறு நிறைந்த பையான வெற்றிடக் குமிழிலும் பூட்டி வைக்கப் பார்க்கிறது. அதனால்தான் குரோமியம் பாதித்த செடியில் வேரில் இருக்கும் அளவுக்குப் பக்கத்தில்கூட இலையில் இருப்பது வராது. மேலே கொஞ்ச நாள் பச்சையாகத் தெரியும், கீழே வேர் பழுப்பேறிக் கிடக்கும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாகப் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக்கியதும் அந்தத் தீர்ப்புதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாத ஒரு காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அது யாரால் வந்தது என்பதை இங்கே பேசப்போவதில்லை, செடியைப் பேசுவோம்.

படி 1: எந்த உலோகம், எந்த விதை

குரோமியத்தைத்தானே பார்க்க வேண்டும் என்று பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கையில் எடுக்காதீர்கள். அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. ஆரஞ்சு நிறமாக அழகாக இருக்கிறது என்று பசங்கள் தொட்டுப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம்.

மயில்துத்தம் போதும். உரக்கடையில் கிடைக்கும், போர்டோ கலவைக்கு வாங்குவார்களே, அதுதான், காப்பர் சல்பேட். செம்பு வேரில் காட்டும் குணம் வேகமாகவும் தெளிவாகவும் இருக்கும், ஐந்தே நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதுவும் வயிற்றுக்குள் போனால் விஷம்தான், கண்ணில் பட்டாலும் ஆபத்து. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள், கோழி திரியும் இடத்தில் வைக்காதீர்கள்.

விதைக்குப் பச்சைப்பயறு. ஒரே அளவாக, பூச்சி குத்தாமல், ஒரே பையில் இருந்து எடுத்தது. மருந்து தடவிய விதை வேண்டாம், கடையில் சமையலுக்கு வாங்கியது நல்லது.

படி 2: கரைசல்

மயில்துத்தப் படிகத்தில் நீரும் சல்பேட்டும் சேர்ந்தே இருப்பதால் எடையில் கால்வாசிதான் செம்பு, சரியாகச் சொன்னால் 25.4 சதவீதம். பலர் இங்கேதான் தப்புப் பண்ணுவார்கள்: ஒரு கிராம் துத்தம் போட்டால் ஒரு கிராம் செம்பு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். 2 கிராம் துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் செம்பு, அதாவது 1000 பிபிஎம். இதுதான் தாய்க் கரைசல். வீட்டில் சின்னத் தராசு இல்லையென்றால் நகைக்கடையில் கேட்டு எடை போட்டுக்கொள்ளலாம், பொட்டலத்தைப் பிரிக்காமல் பிளாஸ்டிக் உறையோடு.

ஊசி போடும் சிரிஞ்சால் எடுத்து, மொத்தம் 200 மில்லி வருகிற மாதிரி தண்ணீர் சேர்க்க வேண்டும். 1 மில்லி எடுத்தால் 5 பிபிஎம், 4 மில்லிக்கு 20, 10 மில்லிக்கு 50, 20 மில்லிக்கு 100. கூடவே இரண்டு கிண்ணம் கட்டாயம்: ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் லிட்டருக்கு 3 கிராம் கணக்கில் சாப்பாட்டு உப்பு. உப்பு எதற்கு? நம் பாலாற்றுப் பக்கத்தில் தோல் கழிவு என்றால் குரோமியம் மட்டும் வருவதில்லை, அதைவிடப் பல மடங்கு உப்பும் வருகிறது. உப்பு செய்வது எது, உலோகம் செய்வது எது என்று கண் பழகவில்லை என்றால் நிலத்தில் போய் நின்று எதுவும் சொல்ல முடியாது. இந்த ஒரு கிண்ணத்தை விட்டுவிட்ட புராஜெக்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும், மற்றதெல்லாம் அவ்வளவு கவனமாகச் செய்திருப்பார்கள்.

தண்ணீருக்குக் கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ நல்லது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கடினநீர், அதில் உள்ள பைகார்பனேட்டு செம்பைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும், கால்சியமோ வேரைக் கொஞ்சம் காப்பாற்றிவிடும். பாத்திரத்தில் 50 என்று எழுதியிருக்கும், வேருக்குக் கிடைப்பது அதில் சொற்பம்.

படி 3: முளைக்க வைப்பது

விதையை ஆறு மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறவையுங்கள். டிஷ்யூ தாளை நான்காக மடித்து, கரைசலில் நனைத்து, விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே வரிசையாக 15 விதை வைத்து, பாய் சுருட்டுவது போலத் தளர்வாகச் சுருட்டி, டம்ளரில் நிற்க வையுங்கள், அடியில் ஒரு விரல் உயரம் அதே கரைசல். நிற்க வைத்தால்தான் வேர் நேராகக் கீழே வளரும், அளக்க முடியும். இருட்டில் இரண்டு நாள், அப்புறம் ஜன்னல் வெளிச்சம். கரைசல் குறைந்தால் அதே கரைசலை ஊற்ற வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது மூன்று சுருள் இருந்தால் நல்லது, ஒன்று பூஞ்சை பிடித்துப் போகும்.

படி 4: ஐந்தாம் நாள், வெறும் கண்ணால்

சுருளைப் பிரித்து ஒவ்வொரு நாற்றையும் கறுப்புத் துணி மேலோ கறுப்புச் சார்ட் மேலோ படுக்க வையுங்கள். வெள்ளைத் தாளில் வைத்தால் வேர்த்தூவி தெரியாது.

வெறும் தண்ணீரில் வளர்ந்தது: வேர் நீளமாக, பால் வெள்ளையாக, நுனி கூராக, நுனிக்குக் கொஞ்சம் மேலிருந்து வெல்வெட் துணி போல வேர்த்தூவி. உப்பில் வளர்ந்தது: நீளம் குறைந்திருக்கும், ஆனால் நிறம் வெள்ளை, உருவம் வேரின் உருவம். இப்போது 50 பிபிஎம் செம்பை எடுத்துப் பாருங்கள். கட்டையாக, நுனி பழுப்பேறி, சில சமயம் கறுத்து, தொட்டால் விறைப்பாக இருக்கும். தூவி இருக்காது, இருந்தாலும் அங்கங்கே சின்ன முள் மாதிரி. நுனிக்கு மிக அருகிலேயே பக்கவேர்கள் குட்டைக் குட்டையாகக் கிளம்பியிருக்கும், நெத்திலி மீனின் முதுகெலும்பை எடுத்து வைத்த மாதிரி. ஒரு முறை பார்த்துவிட்டால் இந்த உருவம் மறக்காது.

ஏன் இப்படி? வேர் நீள்வது நுனிக்குப் பின்னால் உள்ள செல்கள் நீளவாக்கில் நீள்வதால். செல்லைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி இருக்கும் நுண்குழல்கள்தான் அதைப் பக்கவாட்டில் பெருக்காமல் நீளவாக்கில் போக வைக்கின்றன. உலோகம் அந்த வளையங்களைக் குலைத்துவிடுகிறது, செல் நீளாமல் பக்கவாட்டில் உப்புகிறது, வேர் கட்டையாகிறது. அதே நேரம் செல் சுவரில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் படிந்து சுவர் இறுகுகிறது, அந்த விறைப்பு அதனால். செம்பு எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் குணமுள்ள உலோகம் என்பதால் ஆக்சிஜனிலிருந்து வீரியமான மூலக்கூறுகளை உண்டாக்கி மென்படலத்தின் கொழுப்பைத் தாக்கும், படலம் ஓட்டையானால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே ஒழுகும். புதுச் செல்களை உண்டாக்கும் நுனி ஆக்குத்திசு செத்தால் நுனியின் ஆதிக்கம் போய்விடும், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் ஓட்டம் மாறும், பக்கவேர்கள் கிளம்பும். அவையும் அதே கரைசலில்தான் இருக்கின்றன, நீள முடியாமல் நின்றுவிடும்.

அளவு எடுங்கள். உலோகத்தில் வளர்ந்த வேர்களின் சராசரி நீளத்தைத் தண்ணீரில் வளர்ந்ததன் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் தாங்கும் குறியீடு. உப்புக்கும் அதே கணக்கைப் போட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். வேர்க் கழுத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள், நீளத்தை மட்டும் எழுதினால் உருவம் போய்விடும்.

படி 5: வேரை வெட்டுவது

இதில் நிதானம் வேண்டும். கேரட் துண்டு ஒன்றை விரல் கனத்தில் சீவி, நடுவே பிளந்து, பிளவில் வேரை வைத்து மூடுங்கள். புதுச் சவரப் பிளேடை நனைத்து, உங்கள் பக்கம் ஒரே இழுப்பாக இழுங்கள், அறுக்கக் கூடாது. இருபது முப்பது சீவல் எடுத்துத் தண்ணீரில் போட்டால் அதில் நாலைந்து கண்ணாடி மாதிரி மெல்லியதாக மிதக்கும். பிரஷால் அதை எடுத்துச் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயக் கரைசலில் இரண்டு நிமிடம், பிறகு சாயம் போகும் வரை தண்ணீரில் அலசி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து, கவர்சிலிப்பைச் சாய்வாக இறக்குங்கள். லிக்னின் உள்ள சுவர் மட்டும் சிவப்பாக நிற்கும். பள்ளி மைக்ராஸ்கோப் போதும், அது இல்லாவிட்டால் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித மைக்ராஸ்கோப், ஃபோல்ட்ஸ்கோப், 140 மடங்கு பெரிதாக்கும், தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்களான சைலம் நன்றாகத் தெரியும்.

எங்கே வெட்டுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. எல்லோரும் நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் என்று அளந்து இரண்டு வேரையும் வெட்டுவார்கள். தண்ணீர் வேரில் அந்த இடம் நேற்று பிறந்தது, செம்பு வேரிலோ அது மூன்று நாள் வயசானது, ஏனென்றால் அந்த வேர் வளரவே இல்லை. வயதான இடத்தில் சைலம் முதிர்ந்து சிவப்பாகத் தெரியத்தானே செய்யும்! அதைப் பார்த்துவிட்டு உலோகம் லிக்னினைக் கூட்டிவிட்டது என்று எழுதினால் பாதி உண்மை. அதனால் இரண்டு இடத்தில் வெட்டுங்கள்: நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர், வேர்க் கழுத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர். கழுத்துப் பக்கம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, அங்கேயும் வித்தியாசம் தெரிந்தால் அது உலோகம் செய்தது.

சீவலை வெளியிலிருந்து உள்ளே படியுங்கள். பாதித்த வேரில் புறத்தோல் கிழிந்தும் சப்பிப்போயும் பழுப்பேறியும் இருக்கும். புறத்தோலுக்கு அடுத்த புறணியின் செல்கள் வட்டமாக வரிசையில் இல்லாமல் சில பெருத்தும் சில நசுங்கியும் இருக்கும், நடுநடுவே இடிந்த இடைவெளிகள். அதற்கு உள்ளே அகத்தோல், ஒரே ஒரு வரிசை செல். வேரின் காவல் சுவர் இதுதான். இந்தச் செல்களின் பக்கச் சுவரில் காஸ்பேரியன் பட்டை ஓடுகிறது, சுவர் வழியாக நழுவி வரும் எதையும் அது தடுத்து, செல்லுக்குள் நுழைந்து போ என்று திருப்பிவிடும். காட்மியத்தில் வளர்ந்த மக்காச்சோளம் போன்ற செடிகளில் இந்தப் பட்டையும் தண்ணீர் புகாத சூபரின் பூச்சும் வழக்கத்தைவிட நுனிக்கு நெருக்கமாக உருவாகின்றன, வாசலைச் சீக்கிரமே சாத்துகிற மாதிரி. சாத்தினால் உலோகம் குறையும், கூடவே தண்ணீரும் சத்தும் குறையும். காரீயம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடுவதற்கு இந்த அகத்தோலும், செல் சுவரில் உள்ள பெக்டினின் கார்பாக்சில் கைகளும் காரணம், அவை காரீயத்தையும் செம்பையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காட்மியம் அப்படி இல்லை, மேலே ஏறிவிடும், கீரை மாதிரி இலை தின்னும் பயிரில் அதைப் பார்த்துப் பயப்படுவது அதனால்தான்.

நடுவில் நட்சத்திரம் போல சைலம். பாதித்த வேரில் குழாய்களின் வாய் சிறுத்துச் சுவர் தடித்திருக்கும். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கோடு கூடிக் குறையும். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. பார்வைக்குச் சின்ன வித்தியாசம், செடிக்கு அது தாகம்.

படி 6: செல் பிளவு, ஆய்வகம் உள்ளவர்களுக்கு மட்டும்

சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் வேர்விட வைத்து, ஒரு நாள் 5 பிபிஎம் கரைசலுக்கு மாற்றி, காலையில் நுனி வெட்டி, லேசான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடு காட்டி, அசிட்டோகார்மைன் சாயமிட்டு நசுக்கிப் பாருங்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். 500 செல்லாவது எண்ணி, அதில் எத்தனை பிளந்துகொண்டிருக்கின்றன என்று கணக்கெடுங்கள், அந்த விகிதம் குறையும். பிளவதிலும் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியோ, இரண்டு முனைக்கும் நடுவே பாலம் போலவோ, தனியே விடுபட்டுக் குட்டி உட்கருவாகவோ நிற்கும். குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர்க்கோலைக் கட்டும் புரதத்தில் உள்ள கந்தகக் கைகளை உலோகம் பிடித்துக்கொள்வது ஒரு முக்கியக் காரணம்.

படி 7: தண்டும் இலையும்

இதற்கு மூன்று நான்கு வாரம் வேண்டும். நன்றாகக் கழுவிய ஆற்றுமணலில் வளர்க்கவும், மண் வேண்டாம், களிமண்ணும் மட்கும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு தடவை; உலோகம் ஊற்றும் அன்று உரம் வேண்டாம், பாஸ்பேட்டு செம்போடு சேர்ந்து படிந்துவிடும்.

தண்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மெலிந்திருக்கும், கணுவிடை குறுகியிருக்கும், சாற்றுக்குழாய்க் கற்றைகள் சிறுத்திருக்கும்.

இலையில் முதலில் இளம் இலையைப் பாருங்கள். நரம்பு பச்சையாக, நடுவில் வெளிறியிருந்தால் அது பெரும்பாலும் செம்பு இரும்பைத் தடுத்ததால் வந்தது, இரும்பில்லாமல் பச்சையம் உருவாகாது. இருக்கிற பச்சையத்திலும் மையத்தில் உள்ள மெக்னீசியத்தை வெளியே தள்ளிவிட்டுச் செம்போ காட்மியமோ உட்காரும், அந்தப் பச்சையம் ஒளியைச் சரியாகப் பயன்படுத்தாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் பசுங்கணிகத்தின் தட்டடுக்குகள் உப்பிக் குலைந்திருப்பதையும் கொழுப்புத் துளிகள் பெருகியிருப்பதையும் காட்டியிருக்கிறார்கள், அது நம் பள்ளிக் கருவியில் தெரியாது. குறுக்குவெட்டில் தெரிவது இது: மேல்தோலுக்குக் கீழே தூண் போல நிற்கும் பாலிசேடு செல்கள் குட்டையாகி, அதற்குக் கீழே காற்றோடும் இடைவெளி சுருங்கியிருக்கும். சில செடி இலையில் தூவியைக் கூட்டும். புகையிலை இன்னும் ஒரு படி மேலே, காட்மியத்தைக் கால்சியத்தோடு சேர்த்துப் படிகமாக்கி, சுரக்கும் தூவியின் நுனி வழியே வெளியே தள்ளுகிறது, இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, வாயில்லாத ஜீவன் எப்படியெல்லாம் போராடுகிறது!

இலைத்துளைக்கு நெயில் பாலிஷ் போதும். இலையின் அடிப்பக்கம் மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் செல்லோடேப் ஒட்டி உரித்துத் தகட்டில் ஒட்டுங்கள். எண்ணும்போது பாதித்த இலையில் ஒரே பரப்பில் அதிகத் துளைகள் தெரியலாம். உடனே துளை கூடிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். இலை விரியாததால் எல்லாச் செல்லும் நெருங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். துளைகளின் எண்ணிக்கையைத் துளையும் மற்றப் புறத்தோல் செல்லும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள், அந்தக் குறியீடு மாறியிருந்தால்தான் செடி உண்மையிலேயே துளையைக் கூட்டியது அல்லது குறைத்தது.

படி 8: நிலத்துக்குப் போவது

இப்போது பெரியப்பாவின் கீரைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் நானும் அவரோடு போனேன். இழுத்துப் பிடுங்கக் கூடாது, நுனி மண்ணிலேயே நின்றுவிடும்; செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, தானாக மண் கரைந்த பிறகு எடுக்க வேண்டும். கிணற்றடிப் பாத்தியில் எடுத்த கீரைக்கு வேர் வெள்ளையாக, சல்லியாக, ஆரோக்கியமாக இருந்தது, கருகியது மூத்த இலையின் ஓரம்தான். அது உப்பு. பழைய வாய்க்காலை ஒட்டிய பாத்திப் பக்கம் போனோம். அங்கே இலை பார்க்க அவ்வளவு மோசமில்லை, கொஞ்சம் சிறுத்திருந்தது, அவ்வளவுதான், பெரியப்பா அந்தச் செடியைக் கொண்டுவரவே இல்லை. வாளியிலிருந்து தூக்கியபோது வேர் கட்டைக் கட்டையாக, நுனியெல்லாம் துரு நிறத்தில், பக்கவேர் குட்டையாக ஒட்டிக்கொண்டு. நான் டம்ளரில் பார்த்த அதே உருவம். அவர் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அவசரப்பட்டு உலோகம் என்று முடிவு கட்ட முடியாது. பழுப்பு வேருக்கு வேறு காரணமும் உண்டு. தண்ணீர் தேங்கியிருந்தால் வேர் கறுத்து அழுகல் வாடை அடிக்கும், தோல் கையோடு உருவி வரும். நூற்புழு என்றால் வேரிலேயே முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். பயறு, வேர்க்கடலையில் உள்ள நல்ல வேர்முண்டு அப்படியில்லை, பக்கத்தில் ஒட்டினாற்போல இருக்கும், தட்டினால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பு. உலோகம் மிஞ்சிய மண்ணில் இந்த முண்டுகள் குறைந்துபோகும், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்காலிலிருந்து பத்தடி, முப்பதடி, நூறடி என்று ஒரே பயிரை எடுத்து வரிசையாக வைத்து, தூரம் போகப் போக வேர் தேறுகிறதா என்று பார்த்தால் சந்தேகம் பலப்படும். சாயமிட்டுச் சீவலும் பார்த்தேன், புறத்தோல் கிழிசல் இருந்தது, இருந்தாலும் சீவல் சந்தேகத்தைத்தான் தரும், எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லாது.

படி 9: மண்ணை அனுப்புவது

வழக்கமான மண்வள அட்டையில் 12 விவரம் வரும்: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், கரிமக் கார்பன். குரோமியம், காரீயம், காட்மியம் அதில் கிடையாது. அட்டையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று நிம்மதி ஆகிவிட வேண்டாம். இந்த உலோகங்களை அணு உறிஞ்சல் நிறமாலைமானி உள்ள ஆய்வகத்தில், பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். பாத்தியில் ஆறேழு இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். இரும்பு மண்வெட்டியின் துரு சேரக் கூடாது. கிணற்றுத் தண்ணீரும் ஒரு புட்டி. குடிநீரில் இந்தியத் தரநிலை லிட்டருக்கு மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம், காரீயம் 0.01, காட்மியம் 0.003, முடிவு வந்தால் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 10: மிச்சத்தை என்ன செய்வது

மீந்த செம்புக் கரைசலைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேர்த்து, சுண்ணாம்புத் தெளிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், நீலம் போய் வெளிர்நீலப் படிவு இறங்கும், ஓர் இரவு தெளியவிட்டால் மேலே நிறமில்லாத தண்ணீர் நிற்கும். அடியில் உள்ளதை வடிகட்டி உலர்த்தி, பெயர் எழுதிய புட்டியில் போட்டுப் பள்ளி ஆய்வகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். வளர்த்த நாற்று, மணல், டிஷ்யூ தாள் எதுவும் ஆட்டுக்கோ கோழிக்கோ எருக்குழிக்கோ போகக் கூடாது, காயவைத்துக் கட்டி அதே ஆய்வகக் கழிவோடு சேர்க்க வேண்டும்.

வாய்க்கால் பக்கத்து மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும் வரை பெரியப்பா அந்தப் பாத்தியில் கீரை விதைக்கவில்லை, சாமந்தி நட்டிருக்கிறார். போன வாரம் அதில் ஒன்றை மண்கட்டியோடு தூக்கி, வாளியில் ஊறவைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார்.